கோப்பைத் திறப்பது ஷெல்: லினக்ஸ் முனையத்திலிருந்தே கோப்பில் எழுதுவது எப்படி?

கோப்பில் ஒரு வரி சேர்க்க எடிட்டர் தேவையில்லை. எஸ்எஸ்ஹெச் என்ற தொலை இணைப்பின் வழியாகச் சர்வருக்குள் நுழைந்திருக்கும்போதும், ஸ்கிரிப்ட் (கட்டளைகளின் தொகுப்பு) எழுதும்போதும், எடிட்டரே நிறுவப்படாத டாக்கர் கன்டெய்னருக்குள் (நிரல்களைத் தனியே அடைத்து ஓட்டும் சூழல்) வேலை பார்க்கும்போதும் முனையத்திலிருந்தே நேராக எழுதிவிடலாம். அதற்கு நான்கைந்து குறிகளும் ஏழெட்டுக் கட்டளைகளும் போதும். அவற்றை மனப்பாடம் செய்வதைவிட ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொள்வது முக்கியம். > குறி வந்தால் கோப்பைத் திறப்பது ஷெல்தான் (முனையத்தில் தட்டுவதை வாங்கி நிறைவேற்றும் நிரல்), நீங்கள் ஓட்டும் கட்டளை அல்ல. கோப்பு காலியாவது, அனுமதி மறுக்கப்படுவது, பிழைச்செய்தி தப்பான இடத்துக்குப் போவது என்று இந்த வேலையில் வரும் சிக்கல்களில் பெரும்பகுதி இதிலிருந்துதான் கிளம்புகிறது.

கட்டளைப் பெயர்களையும் பாதைகளையும் இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். முனையத்தில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் அடியுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் தனியாகச் சொல்லியிருக்கிறோம். கோப்புகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம், லினக்ஸ் தடை சொல்லாது.

ஒற்றை அம்பும் இரட்டை அம்பும்

எக்கோ "வணக்கம்" > குறிப்பு

எக்கோ, கொடுத்த உரையை வெளியிடும் கட்டளை. என்டர் தட்டியதும் ஷெல் முதலில் 'குறிப்பு' என்ற கோப்பைத் தேடும். இல்லாவிட்டால் புதிதாக உருவாக்கும். இருந்தால் உள்ளே உள்ள அத்தனையையும் துடைத்து, நீளத்தைப் பூஜ்யமாக்கும். இவ்வளவும் முடிந்த பிறகுதான் எக்கோ ஓடும். தன் வெளியீடு திரைக்குப் போகிறதா, கோப்புக்குப் போகிறதா என்பது பற்றி எக்கோவுக்கு அக்கறையே இல்லை.

எக்கோ "இரண்டாம் வரி" >> குறிப்பு

இரட்டை அம்பு துடைக்காது, கோப்பின் கடைசியில் சேர்க்கும். கோப்பு இல்லையென்றால் இதுவும் உருவாக்கிக்கொள்ளும்.

இனி, பலரையும் ஒருமுறையாவது அலறவைக்கும் வரி:

சார்ட் பெயர்கள் > பெயர்கள்

பெயர்களை அகர வரிசைப்படுத்தி அதே கோப்பில் போடலாம் என்று நினைத்து இதை அடிப்பார்கள். ஆனால் சார்ட் படிக்கத் தொடங்கும் முன்பே ஷெல் கோப்பைத் துடைத்துவிட்டிருக்கும். காலிக் கோப்பைப் படித்து, காலியாகவே எழுதி, பிழை எதுவும் சொல்லாமல் சார்ட் முடிந்துவிடும். துடைக்கப்பட்டது குப்பைத்தொட்டிக்கும் போகாது. சார்ட்டுக்கு மட்டும் இதற்கென்றே ஒரு வசதி உண்டு:

சார்ட் -ஓ பெயர்கள் பெயர்கள்

இங்கே கோப்பைத் திறப்பது ஷெல் அல்ல, சார்ட். அது உள்ளே உள்ளதை முழுவதும் படித்து முடித்துவிட்டே எழுதத் தொடங்குகிறது. மற்றக் கட்டளைகளுக்கு மோர்யூட்டில்ஸ் தொகுப்பில் உள்ள ஸ்பாஞ்ச் உதவும்: கட்டளை பெயர்கள் | ஸ்பாஞ்ச் பெயர்கள். | குறி ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்த கட்டளைக்கு அனுப்பும் குழாய். அதில் வருவதை எல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு, வரத்து நின்ற பிறகுதான் ஸ்பாஞ்ச் எழுதும்.

கைதவறி ஓர் அம்பு குறைந்துபோவது சகஜம். முன்பு அடித்த வரியை மேல் அம்பு விசையால் திரும்ப எடுக்கும்போது இது இன்னும் சுலபமாக நடக்கும். பேஷ் என்ற ஷெல்லில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது:

செட் -ஓ நோகிளாபர்

இதைப் போட்டபின், ஏற்கெனவே இருக்கும் கோப்பின் மேல் ஒற்றை அம்பு பாயாது, பிழை காட்டி நின்றுவிடும். வேண்டுமென்றே மேலெழுத வேண்டுமானால் >| என்று அடிக்கலாம். பேஷ் தொடங்கும்போது படிக்கும் உங்கள் .பேஷ்ஆர்சி கோப்பில் இந்த வரியைச் சேர்த்து வைத்துவிடுங்கள். ஆனால் இதை நம்பிக் கவனத்தைத் தளர்த்தக் கூடாது: ஸ்கிரிப்டுகள் அந்தக் கோப்பைப் படிப்பதில்லை. அடுத்த சர்வரில் இந்த ஏற்பாடு இல்லாமலும் இருக்கலாம்.

எக்கோவா, பிரின்ட்எஃப்பா?

வெறும் ஒரு வரிக்கு எக்கோ போதும். ஸ்கிரிப்டில் எழுதும்போது, வடிவம் கொடுத்து உரையை எழுதும் பிரின்ட்எஃப்தான் பாதுகாப்பு. எக்கோ ஒவ்வொரு ஷெல்லிலும் ஒவ்வொரு மாதிரி நடந்துகொள்வதே காரணம். பேஷில் எக்கோவுக்கு -ஈ கொடுத்தால்தான் \என் (புதிய வரி) போன்ற பின்சாய்கோட்டுக் குறிகள் வேலை செய்யும். டெபியன், உபுண்டுவில் ஸ்கிரிப்டுகள் பலவற்றை ஓட்டும் /பின்/எஸ்ஹெச் என்பது டேஷ் ஷெல். உபுண்டு 2006-இல் 6.10 பதிப்பிலேயே டேஷுக்கு மாறிவிட்டது. டேஷின் எக்கோ கேட்காமலேயே பின்சாய்கோட்டுக் குறிகளை விரிக்கும், -ஈ என்பதையோ உரையின் பகுதியாக நினைத்து கோப்பிலேயே எழுதிவிடும். பேஷில் சரியாக ஓடிய ஸ்கிரிப்ட் டேஷில் ஓடும்போது அமைப்புக் கோப்பின் ஒவ்வொரு வரியிலும் -ஈ முளைத்திருந்தால் காரணம் இதுதான்.

பிரின்ட்எஃப் '%எஸ்\என்' ஒன்று இரண்டு மூன்று > பட்டியல்

%எஸ் இருக்கும் இடத்தில் உரை வந்து உட்காரும், \என் வரியை முடிக்கும். உரைகள் மூன்று இருந்தால் அதே வடிவத்தை மூன்று முறை பயன்படுத்தி மூன்று வரி எழுதும். இதற்காகத் தனியே வளையம் எழுத வேண்டாம்.

உரையை வடிவத்தின் இடத்தில் நேரடியாக வைக்காதீர்கள். பிரின்ட்எஃப் "$நேம்" என்று எழுதி, நேம் என்ற மாறிக்குள் (மதிப்பைப் பெயரிட்டு வைக்கும் இடம்) "50% தள்ளுபடி" என்று இருந்தால் % குறியைப் பார்த்துக் குழம்பிப் பிழை சொல்லும். '%எஸ்\என்' "$நேம்" என்று பிரித்துக் கொடுத்தால் உள்ளே எது இருந்தாலும் அப்படியே போகும். மாறிகளின் பெயரை மட்டும் தமிழில் வைக்க முடியாது. பேஷ் அங்கே ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு ஆகியவற்றையே ஏற்கும்.

மேற்கோளிலும் கவனம் வேண்டும். எக்கோ "விலை $500" > பில் என்று எழுதினால் கோப்பில் "விலை 00" என்றுதான் இருக்கும். இரட்டை மேற்கோளுக்குள் $5 என்பதை ஷெல் ஐந்தாவது அளபுரு (கட்டளையோடு கொடுக்கும் மதிப்பு) என்று எடுத்துக்கொள்கிறது. அது காலி, மிச்சம் 00. ஒற்றை மேற்கோளுக்குள் ஷெல் எதையும் தொடாது. மாறியின் மதிப்பு வேண்டும் என்றால் மட்டும் இரட்டை மேற்கோள், மற்றபடி ஒற்றை என்று பழக்கிக்கொண்டால் பாதித் தொல்லை போகும். முனையத்தில் நேராகத் தட்டும்போது ஆச்சரியக்குறியும் சேட்டை செய்யும்: இரட்டை மேற்கோளுக்குள் அதற்குப் பின்னால் எழுத்து ஒட்டி வந்தால், பழைய கட்டளை ஒன்றைத் திரும்பக் கேட்கிறீர்கள் என்று பேஷ் நினைத்துக்கொள்ளும். கடவுச்சொற்களில் இது அடிக்கடி நேரும்.

பல வரிகள்

ஐந்து வரி எழுத ஐந்து எக்கோ வேண்டாம். வந்ததை அப்படியே வெளியிடும் கேட் போதும்.

கேட் > அமைப்பு << 'முடிவு'
பெயர் = கடை
பாதை = $ஹோம்/பதிவுகள்
முடிவு

<< குறிக்குப் பின் நீங்கள் வைத்த சொல் தனி வரியில் மீண்டும் வரும்வரை உள்ள அனைத்தும் கோப்புக்குள் போகும். அந்தச் சொல் எதுவாகவும் இருக்கலாம், தமிழிலும் இருக்கலாம். உள்ளடக்கத்தில் தனி வரியாக வராத சொல்லாக இருந்தால் சரி.

முதல் வரியில் 'முடிவு' என்பதைச் சுற்றியுள்ள மேற்கோளைக் கவனியுங்கள். மேற்கோள் இருந்தால் $ஹோம் அப்படியே எழுத்தாகப் போய்ச் சேரும். இல்லாவிட்டால் உங்கள் வீட்டு அடைவின் உண்மையான பாதை போய் உட்காரும். ஹோம் என்பது பெரிய எழுத்துகளில். என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வரின் அமைப்பிலும் ஷெல் ஸ்கிரிப்டிலும் $ குறி நிறையவே வரும், அவற்றை இப்படி எழுதும்போது மேற்கோளை மறந்தால் $ உள்ள இடமெல்லாம் காலியாகிவிடும். கோப்பு உருவாகியிருக்கும், பிழையும் வந்திருக்காது. திறந்து பார்க்கிறவருக்குத்தான் தெரியும்.

முடிவுச் சொல்லுக்கு முன்னும் பின்னும் ஓர் இடைவெளிகூட இருக்கக் கூடாது. இருந்தால் ஷெல் அதை முடிவாக எடுத்துக்கொள்ளாமல் இன்னும் வரி கேட்டுக்கொண்டே இருக்கும். ஸ்கிரிப்டுக்குள் உள்தள்ளி எழுத விரும்பினால் <<- என்ற வடிவம் வரியின் முன்னால் உள்ள டேப்களை நீக்கித் தரும். டேப்களை மட்டும்தான். உங்கள் எடிட்டர் டேப்பை நான்கு இடைவெளிகளாக மாற்றும்படி அமைக்கப்பட்டிருந்தால் இது வேலைக்கு ஆகாது.

<< இல்லாமல் கேட் > குறிப்பு என்று மட்டும் அடித்தும் எழுதலாம். தட்டத் தட்ட வரிவரியாகக் கோப்புக்குள் போகும். புதிய வரியின் தொடக்கத்தில் கன்ட்ரோல்-டி அழுத்தினால் முடியும். வரியின் நடுவே இருந்தால் இருமுறை அழுத்த வேண்டும். கன்ட்ரோல்-சி அடித்து வெளியேறினால் அதற்குள் என்டர் தட்டிய வரிகள் கோப்பில் இருக்கும், பாதியில் நின்ற வரி மட்டும் போய்விடும். பழைய உள்ளடக்கம் முதல் நொடியிலேயே போயிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த வழியில் நீளமான பத்தியை ஒட்டாதீர்கள். முனையம் ஒரே வரியில் 4095 பைட்டுகளுக்கு மேல் வாங்காது. மிச்சத்தைச் சத்தமில்லாமல் கைவிட்டுவிடும். தமிழ் எழுத்துகளுக்கு யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டுமுறையில் குறியீடு ஒன்றுக்கு 3 பைட் என்பதால், 1365 குறியீடுகளிலேயே அந்த எல்லை வந்துவிடும். வரி உடைக்காத தமிழ்ப் பத்தி ஒன்று அந்த அளவை எளிதாகத் தொடும்.

சூடோ போட்டும் அனுமதி இல்லை என்கிறதா?

சூடோ எக்கோ "192.168.1.20 பிரின்டர்" >> /ஈடிசி/ஹோஸ்ட்ஸ்

'அனுமதி மறுக்கப்பட்டது' என்று வரும். சூடோ தரும் ரூட் (நிர்வாகி) அதிகாரம் எக்கோவுக்குத்தான் கிடைத்தது. கோப்பைத் திறக்க முயன்றது உங்கள் ஷெல், அது இன்னும் சாதாரணப் பயனராகவே இருக்கிறது. எனவே ரூட்டாக ஓடும் ஒரு கட்டளையே கோப்பைத் திறக்க வேண்டும். அதற்குத்தான் டீ:

எக்கோ "192.168.1.20 பிரின்டர்" | சூடோ டீ -ஏ /ஈடிசி/ஹோஸ்ட்ஸ்

பிளம்பர்கள் பயன்படுத்தும் 'டீ' இணைப்பைப் போல, ஒரு வழியாக வருவதை இரண்டாகப் பிரித்துக் கோப்புக்கும் திரைக்கும் அனுப்பும். திரையில் வேண்டாம் என்றால் கடைசியில் > /டெவ்/நல் (வருவதையெல்லாம் விழுங்கிவிடும் கோப்பு) சேர்க்கவும்.

இங்கே -ஏ என்பது உயிர்நாடி. அதை விட்டால் டீ கோப்பைத் துடைத்துவிட்டு எழுதும், அதுவும் ரூட் அதிகாரத்தோடு. மேலே சொன்ன நோகிளாபர் இதைத் தடுக்காது. அது ஷெல் திறக்கும் கோப்புகளுக்கு மட்டுமானது, டீ தானே திறக்கிறது. ஆகவே /ஈடிசி அடைவுக்குள் எதைத் தொடுவதற்கு முன்பும் ஒரு நகல் எடுத்து வையுங்கள்: சூடோ சிபி -பி /ஈடிசி/ஹோஸ்ட்ஸ் /ஈடிசி/ஹோஸ்ட்ஸ்.பழசு. பத்து நொடி வேலை.

யார் சூடோ பயன்படுத்தலாம் என்று சொல்லும் சூடோயர்ஸ் கோப்பை மட்டும் எந்த வழியிலும் நேரடியாக எழுத வேண்டாம். அதில் இலக்கணப் பிழை இருந்தால் சூடோவே வேலை செய்யாமல் போகலாம், பிறகு திருத்தவும் சூடோ இருக்காது. விசூடோ கட்டளை சேமிக்கும் முன் சரிபார்த்துத் தரும்.

பிழைச்செய்திகளைக் கோப்பில் பிடிப்பது

ஒற்றை அம்பு பிடிப்பது 1-ஆம் எண் வெளியீட்டை மட்டும். பிழைச்செய்திகள் 2-ஆம் எண் வழியாக வரும். ஆகவே கோப்பில் ஒன்றும் இல்லாமல் திரையில் மட்டும் பிழை ஓடினால் வியக்க வேண்டாம்.

கட்டளை > பதிவு 2>&1

ஷெல் இதை இடமிருந்து வலமாகப் படிக்கிறது. முதலில் 1 கோப்புக்குத் திருப்பப்படுகிறது. பிறகு '1 இப்போது எங்கே போகிறதோ அங்கேயே 2-உம் போகட்டும்' என்கிறது. மாற்றி 2>&1 > பதிவு என்று எழுதினால், 2 திரையைப் பிடித்துக்கொள்ளும் (அந்த நேரத்தில் 1 திரையில்தானே இருந்தது), பிறகு 1 மட்டும் கோப்புக்குப் போகும். பேஷில் &> பதிவு என்ற சுருக்கமும் உண்டு, டேஷில் அது கிடையாது.

பதிவைக் கோப்புக்குத் திருப்பிய பின் வரிகள் உடனே வராமல் மொத்தமாக வந்து விழுவதையும் பார்ப்பீர்கள். திரைக்கு எழுதும்போது பெரும்பாலான நிரல்கள் வரிக்கு வரி தள்ளும், கோப்புக்கோ குழாய்க்கோ என்றால் சேர்த்துவைத்துத் தள்ளும். கட்டளைக்கு முன்னால் எஸ்டிடிபஃப் -ஓஎல் சேர்த்தால் பல நிரல்கள் வழிக்கு வரும். அதில் எல் மட்டும் பெரிய எழுத்து.

கடைசி வரியின் முடிவு

எக்கோ -என் கொண்டு எழுதிய கோப்பின் கடைசியில் வரிமுடிவுக் குறி இருக்காது. அடுத்து >> கொண்டு சேர்ப்பது புதிய வரியாக வராமல் பழைய வரியின் வாலில் ஒட்டிக்கொள்ளும். வேறொருவர் அனுப்பிய கோப்பில் சேர்க்கும் முன் டெய்ல் -சி1 கோப்பு | ஓடி -சி என்று பாருங்கள். \என் என்று தெரிந்தால் நிம்மதி, ஆனால் முழு வரியையும் பார்க்கையில் \ஆர் \என் சேர்ந்து வந்தால் அது விண்டோஸ் வழக்கம். டாஸ்2யுனிக்ஸ் கொண்டு மாற்றிவிட்டுத் தொடருங்கள்.

குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் கிரானின் அட்டவணையில் இது இன்னும் கண்டிப்பு. கடைசி வரி வரிமுடிவுடன் முடிந்தே ஆக வேண்டும். அதோடு அங்கே % குறி வரிமுடிவாகக் கருதப்படும். தேதியைக் கோப்புப் பெயரில் வைக்கும் கட்டளைகளில் ஒவ்வொரு % குறிக்கு முன்னும் பின்சாய்கோடு போடாவிட்டால், முனையத்தில் ஓடியது கிரானில் ஓடாது.

தமிழில் எழுதும்போது

எக்கோ "வணக்கம்" > குறிப்பு என்று எழுதி, பைட்டுகளை எண்ண டபிள்யூசி -சி குறிப்பு என்று கேட்டால் 22 என்று வரும். குறியீடுகளை எண்ண டபிள்யூசி -எம் கேட்டால் 8. நம் கண்ணுக்கோ ஐந்தெழுத்து. கணினிக்கு வ, ண, க, புள்ளி, க, ம, புள்ளி என்று ஏழு குறியீடுகள். ஒவ்வொன்றும் 3 பைட், மொத்தம் 21. வரிமுடிவுக்கு ஒன்று. -எம் கேட்டும் 22 என்றே வந்தால் அந்தச் சர்வரின் மொழியமைப்பு யூடிஎஃப்-8 அல்ல என்று பொருள்.

கோப்புப் பெயருக்கும் இதே கணக்கு. இஎக்ஸ்டி4 கோப்புமுறைமையில் பெயரின் உச்ச நீளம் 255 பைட். தமிழில் அது 85 குறியீடுகள், புள்ளிகளும் துணைக்கால்களும் சேர்த்து. கட்டுரைத் தலைப்பை அப்படியே கோப்புப் பெயராக்கும் ஸ்கிரிப்டுகள் 'பெயர் மிக நீளம்' என்று நிற்பது இதனால்தான்.

இன்னொன்று கண்ணுக்கே தெரியாது. 'கொ' என்பதை க-வுடன் ஒகரக் குறி ஒன்றைச் சேர்த்தும் எழுதலாம், க-வுடன் ஒற்றைக் கொம்பும் துணைக்காலும் தனித்தனியாகச் சேர்த்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே.

பிரின்ட்எஃப் '%எஸ்' 'கொ' | டபிள்யூசி -சி

6 என்றால் முதல் வகை, 9 என்றால் இரண்டாம் வகை. ஒரு விசைப்பலகை ஒரு வகையிலும், வேறிடத்திலிருந்து நகலெடுத்த உரை இன்னொரு வகையிலும் இருந்தால், கண்முன்னே இருக்கும் சொல்லைத் தேடும் கட்டளையான கிரெப் 'இல்லை' என்று சொல்லும். ஒரே அடைவில் ஒரே பெயரில் இரு கோப்புகள்கூட இருக்கும். ஐசியூ என்ற யூனிகோடு கருவித்தொகுப்பில் உள்ள யூகான்வ் -எக்ஸ் எனி-என்எஃப்சி கொண்டு எல்லாவற்றையும் முதல் வகைக்குக் கொண்டுவந்துவிட்டால் தேடலும் ஒப்பீடும் சரியாகும்.

தஸ்கி என்ற பழைய தமிழ் எழுத்துக் குறியீட்டில் உள்ள கோப்புகள் கிடைத்தால் தூக்கி எறியாதீர்கள். குறியீடுகளை மாற்றித் தரும் லினக்ஸின் ஐகான்வ் அதை அறியும்:

ஐகான்வ் -எஃப் தஸ்கி -டி யூடிஎஃப்-8 பழையது > புதியது

குறியீட்டுப் பெயர்கள் இரண்டும் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில், தஸ்கிக்கு டி, எஸ், சி, ஐ, ஐ. வெளியீட்டை அதே பெயருக்குத் திருப்பாதீர்கள். திருப்பினால் மிஞ்சியிருந்த ஒரே பிரதியும் போகும்.

பாதியில் நின்றாலும் பழையது பிழைக்க

வட்டில் இடம் தீர்ந்த நிலையில் ஒற்றை அம்பு கொண்டு எழுதினால் என்ன ஆகும்? துடைக்க இடம் தேவையில்லை, அது நடந்துவிடும். எழுத இடம் இல்லை, அது தோற்கும். பழையதும் இல்லை, புதியதும் இல்லை. உங்கள் ஸ்கிரிப்ட் இந்த நிலையைக் கவனிக்கிறதா என்று சோதிக்க வட்டை நிரப்ப வேண்டியதில்லை. /டெவ்/ஃபுல் என்ற கோப்புக்கு எழுதச் செய்யுங்கள், எப்போதும் 'இடமில்லை' என்றே சொல்லும். வட்டின் காலியிடத்தைச் சொல்லும் டிஎஃப் நிறைய இடம் காட்டியும் இதே பிழை வந்தால் டிஎஃப் -ஐ பாருங்கள், ஐநோடுகள் (ஒவ்வொரு கோப்புக்கும் ஒன்று தேவைப்படும் பதிவுகள்) தீர்ந்திருக்கலாம்.

முக்கியமான கோப்புகளுக்குச் சரியான முறை, தற்காலிகக் கோப்பில் எழுதி, வெற்றி என்றால் மட்டும் பெயர் மாற்றுவது:

டிஎம்பி=$(எம்கேடெம்ப் ./அமைப்பு.எக்ஸ்எக்ஸ்எக்ஸ்எக்ஸ்எக்ஸ்எக்ஸ்)
கட்டளை > "$டிஎம்பி" && சிஹெச்மோட் --ரெஃபரன்ஸ்=அமைப்பு "$டிஎம்பி" && எம்வி "$டிஎம்பி" அமைப்பு

எக்ஸ்கள் ஆறும் பெரிய எழுத்து. ஒரே கோப்புமுறைமைக்குள் எம்வி செய்வது வெறும் பெயர்மாற்றம் என்பதால், கோப்பைப் படிக்கும் மற்ற நிரல்கள் பழையதை முழுமையாகவோ புதியதை முழுமையாகவோதான் காணும், பாதியை ஒருபோதும் காணாது. தற்காலிகக் கோப்பை அதே அடைவில் வைப்பது இதற்காகவே. /டிஎம்பி பல கணினிகளில் தனிக் கோப்புமுறைமை, அங்கிருந்து எம்வி செய்தால் அது பெயர்மாற்றமாக இல்லாமல் நகலெடுப்பாக மாறிவிடும். பழைய கோப்பின் அனுமதியைப் புதியதற்கும் தரும் சிஹெச்மோட் பகுதியையும் விட்டுவிடாதீர்கள். எம்கேடெம்ப் உருவாக்கும் கோப்பின் அனுமதி 600, உரிமையாளர் மட்டுமே படிக்க முடியும். அப்படியே எம்வி செய்தால் வேறு பயனராக ஓடும் வெப் சர்வருக்குக் கோப்பு இருந்தும் திறக்காது. உரிமையாளரும் வேறு ஒருவராக இருந்தால் ரூட்டாக சிஹெச்ஓன் --ரெஃபரன்ஸ்=அமைப்பு வரியையும் நடுவில் சேர்க்க வேண்டும். 'அமைப்பு' என்பது இன்னோர் இடத்துக்குச் சுட்டும் மென்தொடுப்பாக இருந்தால் எம்வி அந்தத் தொடுப்பையே அகற்றி, கோப்பை அங்கே வைத்துவிடும். முதலில் ரீட்லிங்க் -எஃப் அமைப்பு என்று கேட்டு, அது காட்டும் உண்மையான பாதையில் வேலையைச் செய்யுங்கள்.